இன் கேஸ் ஆஃப்: வருமுன்னா, வந்தபின்னா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டு அறிவிப்புகள் அருகருகே ஒட்டியிருக்கின்றன. லிஃப்டுக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர்: ‘இன் கேஸ் ஆஃப் ஃபயர், டு நாட் யூஸ் த லிஃப்ட்.’ அதற்குக் கீழே சங்கச் செயலாளர் அச்சடித்து ஒட்டிய தாள்: ‘கீப் த சாண்ட் பக்கெட்ஸ் ஃபுல் இன் கேஸ் ஆஃப் ஃபயர்.’

ஸ்டிக்கர் சொல்வது, தீப்பிடித்த பிறகு செய்யக் கூடாத காரியம். செயலாளர் சொல்வது, தீப்பிடிக்கும் முன்பே செய்து முடித்திருக்க வேண்டிய காரியம். இரண்டிலும் இருப்பது அதே ‘இன் கேஸ் ஆஃப் ஃபயர்’தான். செயலாளரின் தாளை ஸ்டிக்கரைப் படிப்பது மாதிரியே படித்தால், புகை கிளம்பிய பிறகுதான் மணல் அள்ளக் கிளம்ப வேண்டும். அப்படி யாரும் படிப்பதில்லை. மணல் வாளி எதற்கென்று நமக்குத் தெரியும். அந்த அறிவு இலக்கணத்துக்கு முட்டுக்கொடுத்துவிடுகிறது.

முட்டுக்கொடுக்க ஆள் இல்லாத இடங்களில்தான் சிக்கல். மாத்திரைச் சீட்டு, அலுவலக மின்னஞ்சல், ஒப்பந்தம், வெளிநாட்டில் இருக்கும் மேலாளருக்கு அனுப்பும் செய்தி. இங்கெல்லாம் இந்தச் சின்னச் சொற்றொடர் ஆளைக் கவிழ்த்துவிடும். நம் ஊரில் ஆங்கிலம் எழுதுகிறவர்கள் நாள் தவறாமல் பயன்படுத்துவதும் இதைத்தான். அதனால் கொஞ்சம் பிரித்து மேய்ந்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்று மீன்கள் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு குளத்தில் வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன் என்று மூன்று மீன்கள். வலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டதுமே முதல் மீன் வேறு குளத்துக்குப் போய்விடும். இரண்டாவது, வலை விழுந்ததும் செத்ததுபோல நடித்துத் தப்பிக்கும். மூன்றாவது மாட்டிக்கொள்ளும். ‘இன் கேஸ்’ முதல் மீன். ‘இஃப்’ இரண்டாவது மீன். ‘இன் கேஸ் ஆஃப்’ இருக்கிறதே, அது இரண்டு வேடமும் கட்டும். எந்த இடத்தில் எந்த வேடம் என்று தெரியாதவர்கள் மூன்றாவது மீன்.

முதலில் ‘ஆஃப்’ இல்லாத ‘இன் கேஸ்’. இதற்குப் பின்னால் எழுவாய், பயனிலையோடு ஒரு வாக்கியம் வர வேண்டும். ‘டேக் ஆன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்’ என்றால், இப்போதே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பு, மழை வந்தாலும் வரும் என்று அர்த்தம். மழை வராமலே போகலாம். அப்போதும் குடை கையில் இருக்கும். அதையே ‘டேக் ஆன் அம்ப்ரெல்லா இஃப் இட் ரெயின்ஸ்’ என்று மாற்றினால், மழை வந்தால்தான் குடை. வானம் வெளுத்திருந்தால் குடை ஆணியிலேயே தொங்கும்.

பிரிட்டிஷ் ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்கள் இந்த வேறுபாட்டை விடாப்பிடியாகச் சொல்லும். உலகமெங்கும் வகுப்புகளில் புழங்கும் ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ முதலில் வந்தது 1985இல். அதில் ‘இன் கேஸ்’ பற்றியே தனிப்பாடம் உண்டு. ஒரு இலக்கணப் புத்தகம் இரண்டு சொல்லுக்கு ஒரு பாடம் ஒதுக்குகிறது என்றால், படிக்கிறவர்கள் எவ்வளவு பேர் அங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் தடுக்கி விழக் காரணமே இல்லை என்பது என் கட்சி. இந்த இரண்டையும் நம் மொழி சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது. வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? ‘மழை வந்தா குடையை விரிச்சுக்கோ’ என்பது ஒன்று. ‘எதுக்கும் ஒரு குடையை எடுத்துட்டுப் போ’ என்பது இன்னொன்று. அந்த ‘எதுக்கும்’தான் ஆங்கிலத்தின் ‘ஜஸ்ட் இன் கேஸ்’. எதுக்கும் ஒரு தடவை கேஸை மூடியிருக்கான்னு பார்த்துடு. எதுக்கும் ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு வெச்சுக்கோ. எதுக்கும் அவருக்கு ஒரு போன் போட்டுடு. இந்த வாக்கியங்களில் எது நடக்கும் என்று நாம் சொல்வதே இல்லை. பயம் இன்னதென்று சொல்லாமலே முன்னெச்சரிக்கை மட்டும் வந்துவிடுகிறது. பயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘வந்தாலும் வரும்’, ‘வந்துடப் போகுது’ என்று நீட்டிக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு சோதனை. ஆங்கிலத்தில் எழுதப்போகும் வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். நடுவில் ‘எதுக்கும்’ போட்டால் பொருந்துகிறதா? பொருந்தினால் ‘இன் கேஸ்’. பொருந்தவில்லை, ‘வந்தால்’, ‘நடந்தால்’ என்று ‘ஆல்’ மட்டும்தான் வருகிறது என்றால் ‘இஃப்’. ‘எதுக்கும் தீப்பிடித்தால் கண்ணாடியை உடை’ என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். ‘எதுக்கும் வாளியில மண்ணை ரொப்பி வை’ என்று சொல்வார்கள். (‘எதுக்கும் லாயக்கில்லை’யில் வரும் ‘எதுக்கும்’ வேறு, அதை வைத்துச் சோதனை செய்து என்னைத் திட்ட வேண்டாம்.)

இந்தச் சோதனை எங்கே உயிர்காக்கும் என்றால், மருந்து விஷயத்தில். ‘டேக் திஸ் டேப்லெட் இன் கேஸ் யூ கெட் எ ஹெடேக்’ என்று ஒருவர் எழுதினால், பிரிட்டிஷ் பாணியில் படிக்கிறவர் இப்போதே மாத்திரையைப் போட்டுக்கொள்வார். தலைவலி வந்தாலும் வரும், எதுக்கும் ஒன்றைப் போட்டு வைப்போம் என்று. எழுதியவர் நினைத்ததோ, வலி வந்தால் மட்டும் போடு என்பது. வலி மாத்திரை என்றால் பெரிய சேதமில்லை. சர்க்கரையைக் குறைக்கும் மருந்தாகவோ ரத்த அழுத்த மருந்தாகவோ இருந்தால், தேவையில்லாத நேரத்தில் விழுங்கியது மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

மருத்துவர்கள் இந்த வம்பே வேண்டாமென்று லத்தீனுக்குப் போய்விட்டார்கள். நம் ஊர் மருந்துச் சீட்டில் பாராசிட்டமாலுக்கு எதிரே ‘எஸ்ஓஎஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிர் போகிற அவசரத்தில் மட்டும் போட வேண்டிய மாத்திரையோ என்று பயந்தவர்கள் உண்டு. அது கப்பல்காரர்களின் ஆபத்துக் குறி இல்லை. ‘சி ஓபுஸ் சித்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். தேவைப்பட்டால் என்று பொருள். இங்கிலாந்து, அமெரிக்க மருத்துவமனைகளில் இதே வேலைக்கு ‘பிஆர்என்’ என்று எழுதுவார்கள்; ‘ப்ரோ ரே நாத்தா’ என்பதன் சுருக்கம். இரண்டுமே இரண்டாவது மீன் கட்சி. காய்ச்சல் வந்தால் போடு, வருமுன் போடாதே.

காலம் பற்றி ஒரு வார்த்தை. ‘இன் கேஸ்’ வருங்காலத்தைப் பேசினாலும் அதற்குப் பின்னால் ‘வில்’ போடக் கூடாது. ‘இன் கேஸ் இட் வில் ரெயின்’ தவறு. ‘இன் கேஸ் இட் ரெயின்ஸ்’ சரி. நம் ஆட்கள் அந்த ‘வில்’லைப் போடுவதற்கு ஒரு காரணம் தமிழிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘வந்தாலும் வரும்’ என்பதில் கடைசியாக நிற்பது எதிர்காலம். அது அப்படியே ஆங்கிலத்துக்குக் குடிபெயர்ந்து ‘வில்’ ஆகிவிடுகிறது. வாய்ப்பு இன்னும் குறைவு என்று காட்ட வேண்டுமானால் ‘ஷுட்’ போடலாம்: ‘இன் கேஸ் த ட்ரெயின் ஷுட் பி லேட்.’ ரயில் தாமதமாகாது, ஒருவேளை ஆகிவிட்டால் என்பதற்காக, என்ற தொனி வரும். கடந்த காலத்தைச் சொல்லும்போது அதுவும் கடந்த காலத்துக்கே போகும். ‘ஐ கெப்ட் மை ஃபோன் ஆன் இன் கேஸ் ஷீ கால்ட்’ என்றால், அவள் கூப்பிட்டாலும் கூப்பிடுவாள் என்று போனை அணைக்காமல் வைத்திருந்தேன். அவள் கூப்பிட்டாளா என்பது இந்த வாக்கியத்தில் இல்லை. கூப்பிட்டதாகவும் கொள்ள வேண்டாம், கூப்பிடாததாகவும் கொள்ள வேண்டாம்.

இனி ‘ஆஃப்’ சேர்ந்த ‘இன் கேஸ் ஆஃப்’. இதன் பின்னால் வாக்கியம் வராது, பெயர்ச்சொல்தான் வரும். ஃபயர், ரெயின், எமர்ஜென்சி, டிலே, டவுட். ‘இன் கேஸ் ஆஃப் யூ ஆர் லேட்’ என்று எழுதினால் ‘ஆஃப்’ அங்கே கிடந்து தவிக்கும். ஒன்று ‘இன் கேஸ் ஆஃப்’ மொத்தத்தையும் தூக்கிவிட்டு ‘இஃப் யூ ஆர் லேட்’ என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் வாக்கியத்தைப் பெயராக்கி ‘இன் கேஸ் ஆஃப் டிலே’ என்று சுருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக நம் பள்ளிகள் நம்பியிருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் இதை ‘ஃப்ரேஸ் பிரெபொசிஷன்’ பட்டியலில் சேர்த்திருக்கிறது. பல சொற்கள் கூடி ஒரே முன்னிடைச்சொல் மாதிரி வேலை செய்யும் கூட்டம் அது. பெயர்ச்சொல் கேட்பது அதனால்தான். (அந்த ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதியவரும் அவரேதான். இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?)

இரட்டை வேடத்துக்கு வருவோம். எந்த வேடம் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் இடமே போதும். தொடர் முன்னால் வந்து, காற்புள்ளி விழுந்து, பிறகு கட்டளை வந்தால் அது ‘இஃப்’ வேடம்: ‘இன் கேஸ் ஆஃப் ஃபயர், பிரேக் த கிளாஸ்.’ தீப்பிடித்தால் கண்ணாடியை உடை. காரியம் முதலில் வந்து, தொடர் வாலாகத் தொங்கினால் அனேகமாக முன்னெச்சரிக்கை: ‘வீ டுக் கோட்ஸ் இன் கேஸ் ஆஃப் ரெயின்.’ மழை வந்துவிடப் போகிறதே என்று கோட்டு எடுத்துப் போனோம். லிஃப்ட் ஸ்டிக்கரும் செயலாளரின் தாளும் இந்த விதிக்குள் அப்படியே அடங்குகின்றன.

ஆனால் இது மாறாத விதி இல்லை. ‘கால் திஸ் நம்பர் இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி’ என்று வாலில் வைத்தாலும் அர்த்தம் ‘அவசரம் வந்தால் கூப்பிடு’தான். யாரும் எதுக்கும் ஒரு தடவை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வைப்பதில்லை. ஆக இடத்தைப் பாருங்கள், பிறகு செயலைப் பாருங்கள். எடுத்து வைப்பது, நிரப்புவது, குறித்துக்கொள்வது, பூட்டுவது எல்லாம் வருமுன் செய்கிறவை. உடைப்பது, ஓடுவது, கூப்பிடுவது எல்லாம் வந்தபின் செய்கிறவை.

இரண்டு காலத்தையும் ஒரே மூச்சில் காட்டும் உதாரணமும் உண்டு. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியப் பகுதியில் ஆம்புலன்ஸ் ஊழியராக இருந்தவர் பாப் பிராட்சி. விபத்தில் மயங்கிக் கிடப்பவரின் வீட்டாரை எப்படித் தேடுவது என்பது அவர் தொழிலில் அன்றாடத் தலைவலி. கைபேசியில் நெருங்கியவரின் எண்ணை ‘ஐஸ்’ என்ற பெயரில் சேமித்து வையுங்கள் என்று 2005இல் ஒரு யோசனையைக் கிளப்பினார். ‘இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி’யின் முதலெழுத்துகள் சேர்ந்தால் ஐஸ். அந்த ஆண்டு ஜூலை 7ஆம் தேதி லண்டனில் குண்டுகள் வெடித்த பிறகு அந்த யோசனை மின்னஞ்சலிலும் செய்தித்தாளிலும் ஊர் ஊராகப் பரவியது. இதில் எண்ணைச் சேமிக்கிறவருக்கு அது வருமுன். எடுத்துக் கூப்பிடுகிறவருக்கு அது வந்தபின். ஒரே மூன்றெழுத்து, இரண்டு ஆட்களிடம் இரண்டு வேலை வாங்குகிறது.

அடுத்து, இடையில் நுழையும் ஒரு ‘த’. ‘இன் கேஸ் ஆஃப்’ வேறு, ‘இன் த கேஸ் ஆஃப்’ வேறு. பின்னதற்கு ‘பொறுத்தவரை’, ‘விஷயத்தில்’ என்று பொருள். ‘இன் த கேஸ் ஆஃப் சில்ட்ரன், த டோஸ் இஸ் ஹாஃப்’ என்றால் குழந்தைகளைப் பொறுத்தவரை பாதி அளவு. அங்கே ‘த’வை விட்டுவிட்டு ‘இன் கேஸ் ஆஃப் சில்ட்ரன்’ என்று எழுதினால், குழந்தைகள் என்ற ஆபத்து நேர்ந்தால் என்கிற மாதிரி ஒலிக்கும். (சில வீடுகளில் அதுவும் பொருந்தலாம்.) மறுபுறம், லிஃப்ட் ஸ்டிக்கரில் ‘த’வைச் செருகினால் தீயைப் பற்றிய கட்டுரை ஆரம்பிக்கிற தோரணை வந்துவிடும். நீதிமன்றச் செய்தியில் வருவதும் ‘த’ உள்ளதுதான்: 1973இல் தீர்ப்பான கேசவானந்த பாரதி வழக்கைக் குறிப்பிடும்போது ‘இன் த கேஸ் ஆஃப்’ என்பார்கள். அங்கே கேஸ் என்றால் நிஜமாகவே கேஸ்.

இந்த ‘இன் த கேஸ் ஆஃப்’ மீது ஆங்கிலேயர்களுக்கே கோபம் உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் குவில்லர்-கூச் தம் மாணவர்களுக்கு எழுத்துக்கலை பற்றி ஆற்றிய உரைகள் 1916இல் நூலாக வந்தன. அதில் ஒன்று முழுக்க முழுக்க வளவள நடையைப் பற்றியது. செத்துப்போன ஒருவரின் சவப்பெட்டியைப் பற்றி ‘அன்னாரின் கேஸில் பெட்டி இப்படிப்பட்டது’ என்று எழுதும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கிண்டலடித்திருப்பார். பத்தாண்டு கழித்து 1926இல் ஃபௌலர் என்பவர் ஆங்கிலச் சொல்வழக்கு பற்றிய தம் அகராதியில் ‘கேஸ்’ என்ற சொல்லுக்கே தனி இடம் ஒதுக்கி, யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் ஊன்றுகோல் இது என்கிற மாதிரிச் சாடினார். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ‘இன் மெனி கேஸஸ், த ரூம்ஸ் வேர் டர்ட்டி’ என்பதற்குப் பதில் ‘மெனி ரூம்ஸ் வேர் டர்ட்டி’ என்று எழுதினால் எதுவும் குறைந்துபோவதில்லை.

கேஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தக் குழப்பத்துக்கும் விடை கிடைக்கும். லத்தீனில் ‘காசுஸ்’ என்றால் விழுதல். மேலே வந்து விழுவது எதுவோ, அதுதான் நேர்வது, சம்பவம், பிறகு வழக்கு. ஆக்ஸிடென்ட், சான்ஸ், கேஷுவல்டி எல்லாம் அதே வேரின் பிள்ளைகள். இலக்கணத்தில் வேற்றுமையைக் கேஸ் என்று சொல்வதும் இதே விழுதலிலிருந்துதான். சூட்கேஸில் இருக்கும் கேஸ் மட்டும் வேறு; அது ‘காப்ஸா’ என்ற பெட்டிச் சொல்லின் வாரிசு. ஆக ‘இன் கேஸ் ஆஃப் ரெயின்’ என்றால், மழை என்ற சம்பவம் வந்து விழும்போது என்றும் கொள்ளலாம், விழக்கூடும் என்பதற்காக என்றும் கொள்ளலாம். விழுந்ததா, விழப்போகிறதா என்று அந்தச் சொல் தனியாகச் சொல்லாது.

பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் இதைத் தின்பண்டமாக்கிவிட்டார்கள். ‘ஆங்-கா’ என்று அவர்கள் சொல்வது, ‘இன் கேஸ்’ என்பதன் பிரெஞ்சு வடிவம். இன்று அதற்குச் சிற்றுண்டி என்று பொருள். பசித்தாலும் பசிக்கும் என்று எடுத்து வைத்ததுதான் பெயராகிப் போனது. ‘ஆங்-தூ-கா’ என்றால் எப்படியிருந்தாலும். வெயிலுக்கும் மழைக்கும் ஒருசேர உதவும் குடைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

சரி, அமெரிக்கர்கள்? அங்கே ‘இன் கேஸ்’ என்பதை ‘இஃப்’ என்ற பொருளிலும் தாராளமாகப் புழங்குகிறார்கள். ‘இன் கேஸ் யூ நீட் ஹெல்ப், கால் மீ’ என்பதில் அவர்களுக்குத் தவறு தெரியாது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் ‘இஃப்’ என்ற பொருளைத் தருகிறது. நம் அலுவலக ஆங்கிலமும் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ‘இன் கேஸ் ஆஃப் எனி குவரீஸ்’ என்று முடியாத மின்னஞ்சல் ஏது? இதைத் தவறு என்று சிவப்பு மை கொண்டு சுழிக்க நான் வரவில்லை. அதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘இஃப் யூ ஹேவ் எனி குவெஸ்சன்ஸ்’ என்பதில் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார். முன்னதில் சந்தேகம் என்ற விபத்து மட்டும் இருக்கிறது. எனக்கு மனிதர் இருப்பது பிடிக்கும்.

சட்ட வாசகமாகவோ விமான அறிவிப்பாகவோ கொஞ்சம் கம்பீரம் வேண்டுமானால் ‘இன் தி இவென்ட் ஆஃப்’ இருக்கிறது. அது பெரும்பாலும் வந்தபின் கட்சி. ஒப்பந்தக்காரர்கள் அதை விரும்புவதும் அதனால்தான். ‘இன் எனி கேஸ்’ என்றால் எப்படியிருந்தாலும். ‘இன் தட் கேஸ்’ என்றால் அப்படியானால். ‘இன் நோ கேஸ்’ என்றால் எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. அதை முன்னால் வைத்தால் பின்னால் எழுவாயும் துணைவினையும் இடம் மாறும். ‘இன் நோ கேஸ் ஷுட் யூ ஓபன் த டோர்’ என்பதுபோல. ஒரே சொல்லாக ஒட்டி ‘இன்கேஸ்’ என்று எழுதுவது மட்டும் வேண்டாம். அப்படி ஒட்டினால் உறைபோட்டு மூடுவது என்ற வினைச்சொல்லின் பழைய எழுத்து வடிவமாகிவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நாளைக்கு அறிவிப்போ மின்னஞ்சலோ எழுத உட்காரும்போது நினைவில் இருக்க வேண்டியது ஒன்றே: நீங்கள் சொல்லும் காரியம் வருமுன் செய்ய வேண்டியதா, வந்தபின் செய்ய வேண்டியதா? வருமுன் என்றால் ‘இன் கேஸ்’ எழுதுங்கள், தயங்காதீர்கள். அதைப்போல அந்த வேலையைச் செய்ய ஆங்கிலத்தில் வேறு எளிய சொல் கிடையாது. வந்தபின் என்றால் ‘இஃப்’ இருக்கிறது. படிக்கிறவர் நோயாளியாகவோ, புகைக்கு நடுவில் வழி தேடுகிறவராகவோ இருக்க வாய்ப்பிருந்தால், இரண்டு வேடம் கட்டும் ‘இன் கேஸ் ஆஃப்’ அந்தப் பக்கமே வர வேண்டாம். குழப்பம் வராது என்று உறுதியாகத் தெரிந்தாலும், எதுக்கும்.